குண்டுக்காட்டுப் புகை

உட்காருங்க மேடம். அந்த பிளாஸ்டிக் சேர் வேண்டாம், அதுல ஒரு கால் விட்டுப்போச்சு. இதுல உட்காருங்க. கேட்டுல சொல்லி அனுப்பினாங்களா? சொல்லியிருப்பாங்க. பட்டாளம் சுடற ரேஞ்சைப் பத்தி யார் என்ன கேட்டு வந்தாலும் கடைசியில சங்கிலிகிட்டதான் அனுப்பறாங்க. நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் அப்படித்தான்.

ஊருக்குள்ள வழி கேட்டீங்களா? யாராவது ஒழுங்கா சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. டீக்கடையில கேட்டிருந்தா அந்தாளு கையை மட்டும் நீட்டியிருப்பான். என் பேரை வாயால சொல்ல மாட்டான். நான் போனாலும் அப்படித்தான். டீ போட்டு வைப்பான், பேச மாட்டான். நாலு வருஷமா இப்படி. முப்பத்தஞ்சு வருஷம் இந்த ஊர் ஜனம் ஒருத்தர் மேலயும் ஒரு தோட்டா படாம பாத்துக்கிட்டவன் நான். அதைச் சொல்லுங்க யார்கிட்டயாவது.

சரி. நீங்க கல்கௌதாரிப் பறவையைப் பத்திக் கேட்க வந்திருக்கீங்க. அதைச் சொல்றேன்.

மேற்க பாருங்க, கண்ணுக்கு எட்டின மட்டும் தெரியுதே, அத்தனையும் மிலிட்டரி நிலம். நாலாயிரம் ஏக்கர். வெள்ளைக்காரன் காலத்துல வளைச்சது. வருஷத்துக்கு ஆறு தடவை, ஏழு தடவை பட்டாளம் வரும், பத்து நாள் கூடாரம் போட்டுச் சுட்டுப் பழகும், போயிரும். மத்த நாளெல்லாம் காலி. நாங்க குண்டுக்காடுன்னு சொல்லுவோம். அதுல நான் சௌக்கிதார், காவக்காரன். பட்டாளத்துக்காரன் இல்ல, சிவிலியன்தான். சுடற அன்னிக்குக் காலையில அஞ்சரை மணிக்கு மேட்டுல ஏறி சிவப்புக் கொடி ஏத்தணும். ஏத்துறதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கா, ஆடு இருக்கான்னு சுத்திப் பாக்கணும். சுட்டு முடிச்சதும் கொடியை இறக்கணும். நடுவுல மேட்டைவிட்டு இறங்கக்கூடாது. அதுதான் வேலை. கேக்கச் சின்ன வேலையாத் தெரியும்.

சுத்தி இருக்கற ஊரெல்லாம் போர் போட்டுத் தென்னை வச்சு, பிளாட் போட்டு வித்து, எல்லாம் முடிஞ்சுபோச்சு. உள்ள மட்டும் அப்படியே கெடந்துச்சு. குண்டுக்குப் பயந்து மனுசன் வீடு கட்டல. அதனால நரி இருந்துச்சு, வெளிமான் இருந்துச்சு, எறும்பு திங்கற அலுங்கு இருந்துச்சு. கட்டு கட்டா கோடு போட்ட மாதிரி முதுகு இருக்குமே, அந்த ஆமை இருந்துச்சு. குண்டு விழுந்த குழியில மழைத் தண்ணி நிக்கும். காலையில எட்டு மணிக்குக் கல்கௌதாரி கூட்டமா வந்து அதுல குடிக்கும். பட்டாளம் சுடும், மறுநாள் அது வந்து குடிக்கும். ரெண்டுக்கும் ஒரு சண்டையும் இல்ல.

அப்போ ஜனங்களும் உள்ள போவாங்க, வருவாங்க. சட்டப்படி கூடாது. ஆனா கொடி இல்லாத நாள்ல நான் கண்டுக்கறதில்ல. பக்கத்துல ஆவாரங்காட்டு ஊர்ப் பொம்பளைங்க சீமைக்கருவேலை வெட்டி வெறகுக்குக் கொண்டுபோவாங்க. ஆடு மேய்க்கறவங்க நாலஞ்சு பேர். அதுல ஒருத்திதான் வேலுத்தாயி.

அவளைப் பத்திதான் நீங்க கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் கேக்கறாங்க.

வேலுத்தாயி எனக்கு நாலஞ்சு வயசு சின்னவ. புருஷன் சின்ன வயசுலயே போயிட்டான். நாப்பது ஆடு வச்சிருந்தா. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவா. வாய் ஜாஸ்தி இல்ல. ஒருநாள் ஆட்டை ஒரு பக்கமா வளைச்சு ஓட்டிக்கிட்டு இருந்தா. ஏன் தாயி, நேரா போனா என்னன்னு கேட்டேன். "முட்டை கெடக்குண்ணே"ன்னா. எங்கன்னு கேட்டேன். என் காலுக்கு முன்னாடி ரெண்டு முழம் தள்ளிக் காட்டறா. கல்கௌதாரி முட்டை, மூணு. கூடும் இல்ல, ஒரு சருகுகூட இல்ல, வெறும் தரையில கூழாங்கல்லோட கூழாங்கல்லாக் கெடக்கு. இன்னொரு அடி வச்சிருந்தா மிதிச்சிருப்பேன். இருபது வருஷம் அந்தக் காட்டுல நடந்திருக்கேன், அன்னிக்குத்தான் முதமுதலா பாத்தேன்.

அப்புறம் அவதான் ஒண்ணொண்ணா காட்டினா. பகல்ல பொட்டை உக்காரும், ராத்திரி சேவல் உக்காரும். குஞ்சு பொரிச்சா, அந்தச் சேவல் குழியில போயி வயித்து இறகைத் தண்ணியில முக்கி நனைச்சுக்கிட்டுப் பறந்து வரும். குஞ்சு அதோட வயித்துக்கு அடியில நின்னு இறகைச் சப்பிக் குடிக்கும். நீங்க பறவையைப் பத்திப் படிச்சவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அவ சொல்லித்தான் தெரியும்.

இப்படி இருக்கையிலதான் கர்னல் நேகி வந்தார். வடக்க மலைநாட்டுக்காரர். நல்ல மனுசன் மேடம். அதுல சந்தேகமே இல்ல. வந்த மறுநாளே ஜீப்பை விட்டு இறங்கிக் காடு முழுக்க நடந்தார். பட்டாள நிலத்துல இருக்கற உயிரையெல்லாம் பட்டாளமே காப்பாத்தணும்னு மேலயிருந்து உத்தரவு வந்திருக்கு, அதை வெறும் பேப்பர்ல வைக்க மாட்டேன்னு சொன்னார். எனக்கு இந்தி தெரியும். அதனால என்னைக் கூடவே வச்சுக்கிட்டார். ஒருநாள், சங்கிலி, இங்க என்ன பறவை முட்டையிடுதுன்னு கேட்டார். நான் கூட்டிட்டுப் போயி மூணு எடம் காட்டினேன்.

அந்த மனுசன் அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டார். கர்னல் மேடம். ஐநூறு பேர் சல்யூட் அடிக்கற ஆளு. பத்து நிமிஷம் அசையல. எழுந்திரிச்சு, "நீ எப்படிக் கண்டுபிடிச்சே"ன்னார். "முப்பது வருஷமா இதே காடுதானே சாப்"னேன்.

பொய் இல்ல. முப்பது வருஷமா அதே காடுதானே.

வேலுத்தாயி பேரைச் சொல்லியிருக்கலாம். சொன்னா, ஒரு ஆட்டுக்காரி எப்படி உள்ள வந்தாள்னு கேப்பார். நான்தான் விட்டேன்னு தெரியும். அவளுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. அதான் சொல்லல. அந்த வருஷம் முப்பத்திரெண்டு எடத்துல முட்டை இருந்துச்சு. சாயங்காலம் எல்லை ஓரத்துல அவ எங்க எங்கன்னு சொல்லுவா, காலையில நான் கர்னலைக் கூட்டிட்டுப் போவேன். அவர் படம் பிடிச்சு டில்லிக்கு அனுப்பினார். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அங்க சுவத்துல இருக்குல்ல, அதுதான். கண்ணாடி கீறல் விட்டிருக்கு, மாத்தணும்.

ரெண்டாவது வருஷம் ஆரம்பத்துல கர்னல் கேட்டார். இந்தப் பறவைக்கெல்லாம் எதனால ஆபத்துன்னு. நான் யோசிச்சேன். குண்டுன்னு சொல்ல முடியாது. அவங்க குண்டுதானே அது. ஆடுன்னு சொன்னேன். வெறகு வெட்டற ஜனம்னு சொன்னேன். "ஆடு முட்டையை மிதிச்சு நீ பாத்திருக்கியா"ன்னார். பாத்திருக்கேன் சாப்னேன். பாக்கல. ஆனா நாப்பது ஆட்டுக்கு நூத்தறுபது கால் மேடம், ஒண்ணுகூடவா மிதிச்சிருக்காது? நாம பாக்காத நேரத்துல மிதிச்சிருக்கும்.

வேலி போட்டாங்க. முள்ளுக்கம்பி, மூணு வரிசை. கேட்டுல காவல். ஆள் நுழையக்கூடாது, ஆடு நுழையக்கூடாதுன்னு மூணு பாஷையில போர்டு. தண்டோரா போட்டது நான்தான். ஆவாரங்காட்டுல ஊர்ப் பொதுமந்தையில நின்னு சொன்னேன், எல்லாரும் கேட்டுட்டுக் கலைஞ்சு போனாங்க. வேலுத்தாயி மட்டும் பின்னாடியே நடந்து வந்தா.

"புல்லு வளந்தா அது உக்காராதுண்ணே"ன்னா.

"எது"ன்னேன்.

"அந்தக் குருவி. அதுக்கு வெட்டவெளி வேணும். ஆள் வர்றது, நரி வர்றது தெரியணும். ஆடு மேஞ்ச எடத்துலதான் உக்காரும். நீ கர்னல்கிட்டச் சொல்லு."

எப்படிச் சொல்லுவேன். ஆடுதான் ஆபத்துன்னு சொன்னவனும் நான், ஆடு வேணும்னு போயி நிக்கறவனும் நானா? அவளுக்கு அவ ஆடு மேயணும், அதுக்கு ஒரு காரணம் சொல்றாள்னு நெனச்சேன். நீங்களே சொல்லுங்க, யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பாங்க?

அந்த வருஷம் நல்ல மழை. புல்லு இடுப்பு உசரம். சீமைக்கருவேலை வெட்ட ஆளில்லாம குத்துக் குத்தா மண்டிப்போச்சு. பாக்க அவ்வளவு பச்சை. வந்த பெரிய ஆபீசர் எல்லாம் கையைத் தட்டினாங்க. முட்டை மட்டும் கொறைஞ்சுபோச்சு. நான் தேடித் தேடிப் பாக்கறேன், பதினொண்ணு தேறுது. காட்டறதுக்கும் ஆளில்ல. கர்னல் கேட்டா, புல்லுக்குள்ள மறைஞ்சிருக்கு சாப், பாதுகாப்பா இருக்குன்னு சொன்னேன். அப்படித்தான் இருக்கும்னு நானும் நம்பினேன்.

காபி குடிங்க மேடம், ஆறிடப் போகுது. என் வீட்டுக்காரி போட்டது. வந்தவங்களுக்குக் காபி வைப்பா, முன்னாடி வந்து உக்கார மாட்டா. வேலுத்தாயி விஷயம் வந்தா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா.

மூணாவது வருஷம் பங்குனி மாசம். அன்னிக்குக் காத்து மேற்க இருந்து. புல்லெல்லாம் காஞ்சு வெள்ளையாக் கெடக்கு. பட்டாளம் வந்து ரெண்டாவது நாள். காலையில நான் சுத்திப் பாத்துட்டுக் கொடியை ஏத்திட்டு மேட்டுல உக்காந்திருக்கேன். மிஷின்கன் சுடறாங்க. எதுத்தாப்புல பெரிய மண்கரை இருக்கும், தோட்டா எல்லாம் அதுக்குள்ள போயிரும். நடுநடுவுல நெருப்பு வாலோட ஒரு தோட்டா போகும். எங்க போகுதுன்னு சுடறவன் கண்ணுக்குத் தெரியறதுக்காக வைக்கறது. ட்ரேசர்னு சொல்லுவாங்க.

பத்து மணி இருக்கும். அதுல ஒண்ணு மண்கரையில இருந்த பாறையில பட்டு மேல எழும்புச்சு. மெதுவாப் போற மாதிரி இருந்துச்சு மேடம், பகல்லயும் தெரிஞ்சுச்சு. கரையைத் தாண்டி அந்தப் பக்கம் போயி விழுந்துச்சு. கீழ இருந்து சுடறவங்களுக்கு அது தெரியாது. கரை மறைச்சிடும். மேட்டுல இருந்தவனுக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரத்துல புகை வந்துச்சு.

நான் விசில் ஊதினேன். சுடறதை நிறுத்திட்டாங்க, கொடியை இறக்கச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல, நெருப்பு ஒரு ஆள் உசரம் எழும்பிருச்சு. முன்னாடியும் தீ பிடிக்கும் மேடம், வருஷத்துக்கு ஒருதடவை ரெண்டுதடவை. ஆடு மேஞ்ச புல்லு, கணுக்கால் உசரம்தான் எரியும். ஊர்ஜனம் வேப்பங்கொத்தை ஒடிச்சுக்கிட்டு ஓடிவந்து அரைமணி நேரத்துல அடிச்சு அணைச்சுருவாங்க. அன்னிக்கும் வந்தாங்க. கையில கொத்தோட, நனைச்ச சாக்கோட கேட்டுல வந்து நின்னாங்க. காவல்ல இருந்தவன் புதுப் பையன், யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு, விடல. அவன் மேல தப்பு சொல்ல முடியாது.

வேலுத்தாயி மட்டும் கேட்டுக்குப் போகல. வேலிக்கு அடியில ஓடை போற பாலம் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள புகுந்து உள்ள வந்துட்டா.

மேட்டுல இருந்து பாத்தேன். நனைஞ்ச சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடறா. அம்பது வயசு தாண்டின பொம்பளை. தீயை அணைக்க ஓடறாளேன்னு நெனச்சேன். இல்ல, தீக்கு முன்னாடி ஓடறா. வடகிழக்கு மூலையில கொஞ்சம் பொட்டல் இருக்கும், முட்டையெல்லாம் அந்தப் பக்கம்தான். அங்க போயி சாக்கால அடிச்சு அடிச்சு ஒரு வட்டம் போடறா.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தீ அடங்குச்சு. பட்டாளத்துப் பசங்க ரெண்டு பேருக்குக் காலெல்லாம் வெந்துபோச்சு. வேலுத்தாயியை அந்தப் பொட்டல்லதான் பிடிச்சாங்க. ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. சுருக்குப்பையைத் தேடினா வெத்தலை, பாக்கு, ஒரு தீப்பெட்டி. காட்டுல டீ வச்சுக் குடிக்கறவ, தீப்பெட்டி இல்லாம இருப்பாளா? ஆனா அப்போ யாரும் அதை யோசிக்கல. ஆட்டை விடலேன்னு கோவத்துல கொளுத்திட்டாள்னு ஒருத்தர் சொன்னார், எல்லாரும் அதையே சொன்னாங்க.

மறுநாள் கர்னலோட நடந்தேன். காலடியில சாம்பல் பொரபொரன்னு நொறுங்குது. ஆமை எல்லாம் ஓடுக்குள்ள இழுத்துக்கிட்டு அப்படியே வெந்திருந்துச்சு. ஓட முடியாத சீவன், அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். கர்னல் ஒண்ணைக் கையில எடுத்தார், கீழ வைக்கத் தோணாம அதையே வச்சுக்கிட்டு நடந்தார். ஜீப்புல ஏறும்போதும் மடியில வச்சிருந்தார்.

மூணாம் நாள் விசாரணை. கூடாரத்துல மேஜை போட்டு மூணு ஆபீசர் உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் இங்கிலீஷுக்கு மொழிபெயர்க்க, ஒருத்தர் டைப் அடிக்க. சுட்டவங்களைக் கேட்டாங்க. எங்க தோட்டா எல்லாம் கரைக்குள்ளதான் போச்சுன்னாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. அந்தப் பொம்பளையை உள்ள பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேன் சாப்னேன். எப்பப் பாத்தேன்னாங்க. புகையைப் பாத்தப்போ பாத்தேன்னேன்.

இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா மேடம்? புகை நாலு மணி வரைக்கும் இருந்துச்சு. புகை இருக்கும்போதுதான் அவளைப் பாத்தேன். புகைக்கு முன்னாடின்னு நான் சொல்லல. பின்னாடின்னும் சொல்லல. அவங்களும் கேக்கல. டைப் அடிச்சு நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன். அது இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் என்ன கண்டேன்.

வேற ஏதாவது பாத்தியான்னு கடைசியா ஒரு கேள்வி. கர்னல்தான் கேட்டார். அவர் அந்த மூணு பேர்ல இல்ல, ஓரமா நின்னுக்கிட்டிருந்தார். என் மொகத்தையே பாத்தார். இல்ல சாப்னேன்.

கேஸ் பதினாலு மாசம் நடந்துச்சு. பொம்பளைக்கு டவுன் கோர்ட்டு, மாசத்துக்கு ரெண்டு வாய்தா. ஆட்டை யார் பாப்பா? ஒண்ணொண்ணா வித்துட்டா. நானும் சாட்சி, ஒருநாள் கூப்பிட்டிருந்தாங்க. வராந்தாவுல அவ சுவரோரமா உக்காந்திருந்தா. கை ஆறிப்போச்சு, ஆனா விரல் முழுசா மடங்கல. நான் அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டேன். அவளா எந்திரிச்சு வந்தா.

"அண்ணே, குஞ்சு ஏதாச்சும் தப்பிச்சுச்சா"ன்னு கேட்டா.

எனக்குத் தெரியலன்னேன். "அந்தப் பொட்டல்ல ரெண்டு எடத்துல பொரிச்சிருந்துச்சு. நீ போயிப் பாக்கலியா"ன்னா. பாக்கலன்னேன். சரின்னுட்டுப் போயி பழைய எடத்துல உக்காந்துட்டா.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? வக்கீல், போலீசு, அத்தனை பேர் நிக்கறாங்க. திட்டியிருந்தா திட்டினாள்னு போயிருக்கும். வேணும்னே என்னைக் குத்திக் காட்டறதுக்குத்தான் குஞ்சைக் கேட்டாள்னு அன்னிக்கு வீட்டுல வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி எந்திரிச்சா. அடுப்படிக்குப் போனா. அதுல இருந்துதான் அப்படி.

அன்னிக்கு என் முறை வர்றதுக்கு முன்னாடியே வாய்தா தள்ளிப்போச்சு, நான் கூண்டுல ஏறவே இல்ல. அப்புறம் தீப்பெட்டி ஒண்ணை வச்சுக் குத்தம் சொல்ல முடியாதுன்னு ஜட்ஜ் விட்டுட்டார். அதோட முடிஞ்சுது. அவ இப்ப ஆவாரங்காட்டுல இல்ல. டவுன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவறாளாம். ஊர்ல என்னவோ நான்தான் அவளைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி பேசறாங்க. பேசறாங்க எங்க, பேசறதே இல்லையே.

என்ன சொன்னீங்க? முடியலியா? யார் விட மாட்டேங்கறாங்க?

ஓகோ.

கோர்ட்டு விட்டாலும் பட்டாளத்து ஃபைல்ல அப்படியே இருக்கா. தீ வச்ச ஆள்னு இருக்கா. அதனால அவ உள்ள நுழையக்கூடாது. சரி. நீங்க என்ன செய்யறீங்க, அவளை வச்சு முட்டை தேடணும்னு கேட்டிருக்கீங்க. ஆட்டை உள்ள விட்டு மேய்ச்சுப் பாக்கணும்னும் எழுதிக் குடுத்திருக்கீங்க. புது கர்னல் சரின்னுட்டார், ஃபைல் குறுக்க நிக்குது. அந்த ஃபைல்ல என் கையெழுத்து.

அதுக்குத்தான் வந்தீங்களா. கல்கௌதாரின்னு சொன்னீங்களே.

உள்ள போயிப் பாத்தீங்களா? இந்த வருஷம் எத்தனை? ஒண்ணுகூடவா இல்ல. மூணு மாசம் தேடியும். காலையில தண்ணிக்கு வருமே, எட்டு மணிக்கு? நாலே நாலு. ம்.

நாலு.

மேடம், நான் கெட்டவன் இல்ல. நீங்க நெனக்கறீங்க, தெரியுது. அந்த ட்ரேசரைச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பட்டாளத்து மேல பழி வரும், கர்னல் மேல வரும். அந்த நல்ல மனுசனுக்குப் பேர் கெடும். அவரைக் காப்பாத்தணும்னுதான் சொல்லல. அப்படித்தான் இத்தனை நாளா எனக்குள்ள வச்சிருக்கேன். அவர் மாத்தலாகிப் போகும்போது என்கிட்ட கைகூடக் குடுக்கல. பரவாயில்ல.

சரி, பேனா எடுங்க. நான் தமிழ்ல சொல்றேன், தமிழ்லயே எழுதுங்க. எனக்குப் படிச்சுக் காட்டணும்.

சங்கிலிமுத்து, முன்னாள் சௌக்கிதார். பங்குனி மாசம் அன்னிக்குக் காலையில மேட்டுல இருந்தேன். ட்ரேசர் ஒண்ணு பாறையில பட்டுக் கரையைத் தாண்டி விழுந்ததைக் கண்ணால பாத்தேன். அந்த எடத்துல இருந்துதான் புகை வந்துச்சு. அப்போ வேலுத்தாயி உள்ள இல்ல. புகை வந்து கால்மணி நேரம் கழிச்சுத்தான் பாலத்துக்கு அடியில வந்தா. அவ தீ வைக்கல. தீயை அடிச்சா. எழுதிட்டீங்களா?

போதும்ல?

என்ன கேக்கறீங்க? ஒரு தீ எப்படி மூவாயிரம் ஏக்கருக்குப் பரவும்னா? காத்து மேடம். காத்து, புல்லு. சொன்னேனே.

தடுப்புக் கோடா. உங்களுக்கு அதெல்லாம் யார் சொன்னது?

இருந்துச்சு. பட்டாளம் வர்றதுக்கு முன்னாடி மாசியிலயே காட்டைக் குறுக்க நெடுக்க இருபது அடி அகலத்துக்குச் செதுக்கி வெறும் மண்ணாக்கிப் போடணும், தீ அதைத் தாண்டாது. அது என் பொறுப்பு. ஆவாரங்காட்டுப் பொம்பளைங்கதான் செஞ்சு குடுப்பாங்க. வெறகை அவங்க எடுத்துக்குவாங்க, கோட்டை நமக்குச் செதுக்கிக் குடுத்துருவாங்க. அவங்களை வெளிய அனுப்பினப்புறம் யாரை வச்சுச் செய்ய? கர்னல் கேட்டார், கோடு போட்டாச்சான்னு. ஆள் இல்லைன்னு சொன்னா, ஏன் இல்ல, முன்னாடி யார் செஞ்சாங்கன்னு கேப்பார். ஜீப் போற பாதை ஓரமா அரை மைல் செதுக்கி வச்சிருந்தேன். அதைப் பாத்தார். போட்டாச்சு சாப்னேன்.

அதை எழுத வேண்டாம் மேடம்.

ட்ரேசரை எழுதிக்கோங்க, வேலுத்தாயியை எழுதிக்கோங்க. அவளுக்கு அது போதும், அவ உள்ள வந்துருவா. இது எதுக்கு? இது அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. என் பேருக்குத்தான் கேடு. அந்தப் பேப்பர் எல்லார் கைக்கும் போகும்.

எந்திரிச்சுட்டீங்க. காபியும் குடிக்கல. அதான் எழுதியாச்சே, கையெழுத்துப் போட்டுத் தர்றேன், எடுத்துக்கிட்டுப் போங்க. நான் எழுதக்கூடாதுன்னா சொன்னேன், வேண்டாம்னுதானே சொன்னேன். நீங்க இப்படி நிக்கறதைப் பாத்தா கோர்ட்டு வராந்தாவுல வேலுத்தாயி நின்ன மாதிரியே இருக்கு.

உக்காருங்க மேடம்.

உக்காருங்க. என் வீட்டுக்காரியும் கதவுக்கிட்டதான் நிக்கறா, அவளும் கேக்கட்டும். எழுதிக்கோங்க. கோடு போடல. போட்டேன்னு சொன்னேன், போடல.